வீட்டுக்காரர் வங்கியில் போடாத எட்டுக் காசோலைகள்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒன்பது ஆண்டுகளாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். முன் அறையில் என் கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மாத வாடகை 14,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி என் கணக்கிலிருந்து காசோலை எழுதிக் கொடுத்துவிடுவேன். வீட்டுக்கார ஐயாவுக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி இறந்தபின் ஏற்காட்டில் உள்ள தம் காப்பித் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அவர் சேலம் வரும்போது கையில் கொடுப்பேன். வராத மாதம் அவர் சொன்னபடி தபாலில் அனுப்புவேன். கடந்த நவம்பர் முதல் இந்த ஜூன் வரை கொடுத்த எட்டுக் காசோலைகளில் ஒன்றுகூட வங்கிக்குப் போகவில்லை. கேட்டால், "இருக்கட்டும்மா, எங்கே போய்விடப் போகிறது" என்கிறார். இதற்கிடையில் கணக்கில் சும்மா கிடந்த பணத்தில் 60,000 ரூபாயை எடுத்து என் கணவர் பட்டறைக்கு வெள்ளி வாங்கிவிட்டார். போன வாரம் ஐயாவின் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்து, "எட்டு மாத வாடகை பாக்கி இருக்கிறது. கட்டுங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள். இனிமேல் வாடகையை என் கணக்குக்கு அனுப்புங்கள்" என்றார். காசோலை கொடுத்ததோடு எங்கள் கடமை முடிந்துவிட்டதா? எல்லாவற்றையும் அவர் ஒரே நாளில் போட்டால் என்ன ஆகும்? பழையதைப் போடும்வரை புதிதாகக் கொடுக்காமல் இருக்கலாமா? பதினொரு மாதத்துக்கு எழுதிய ஒப்பந்தத்தை அதன்பின் புதுப்பிக்கவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஜூன் 20 என்று தேதி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பாஸ்புக்கையும் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளையும் எடுத்து, எட்டுக் காசோலைகளையும் இரண்டாகப் பிரியுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை கொடுத்த ஐந்தும் ஒரு பக்கம். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் மூன்றும் இன்னொரு பக்கம். காசோலையின் ஆயுள், அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம். முன்பு ஆறு மாதமாக இருந்ததை ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் மூன்றாகக் குறைத்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் வயதில் இருக்கும் பலர் இன்றும் ஆறு மாதக் கணக்கிலேயே இருக்கிறார்கள். "எங்கே போய்விடப் போகிறது" என்று அவர் நிம்மதியாகச் சொல்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆக, ஐந்து காசோலைகள் காலாவதியாகிவிட்டன. மூன்று உயிரோடு இருக்கின்றன. அந்த மூன்றிலும் ஏப்ரல் மாதத்துக்கு உரியது ஜூலை முதல் வாரத்தில் காலாவதியாகிவிடும்.

உயிரோடு இருக்கும் மூன்றும் சேர்ந்து 42,000 ரூபாய். இந்தத் தொகை இன்றே, இந்த நிமிடமே உங்கள் கணக்கில் இருந்தாக வேண்டும். வாடகைக்கென்று கிடந்த 1,12,000-இல் 60,000 போனால் மீதி 52,000. அதிலும் கை வைக்காமல் இருந்தால் தப்பித்தீர்கள். வைத்திருந்தால், வெள்ளிக் கட்டி ஒன்றை விற்றாவது நிரப்பிவிடுங்கள். நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். காசோலையில் கையெழுத்து உங்களுடையது. பணம் போதாமல் அது திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். பணத்தை எடுத்த உங்கள் கணவர் பெயரில் வராது. காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் வீட்டுக்காரர் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட்டால் வழக்குக்கு இடமில்லை. கொடுக்கத் தவறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வங்கிக்கு எழுதிக் காசோலையை நிறுத்திவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கணக்கையே மூடிவிடலாம் என்றும் சொல்வார்கள். இரண்டும் இந்தப் பிரிவிலிருந்து காப்பாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 1998-லும் 1999-லும் சொல்லிவிட்டது.

முன்பெல்லாம் காசோலை போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் பணம் கழியும். அதற்குள் ஓடிப்போய்க் கட்டிவிடலாம். 2025 அக்டோபர் 4 முதல் வங்கிகள் காசோலைகளை நாள் முழுவதும் தொடர்ச்சியாகத் தீர்வுக்கு அனுப்புகின்றன. காலையில் போட்ட காசோலைக்கு அன்று மாலைக்குள்ளேயே முடிவு தெரிந்துவிடுகிறது. ஓடுவதற்கு இப்போது நேரம் இல்லை.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். காசோலை கொடுத்ததோடு கடமை முடிந்ததா? முடியவில்லை. ஆனால், கடமையில் நீங்கள் தவறவும் இல்லை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் பலருக்கும் குழப்பத்தைத் தருகிறது.

காசோலை கொடுப்பது நிபந்தனையோடு கூடிய பட்டுவாடா. அது பணமாக மாறினால், நீங்கள் கொடுத்த நாளிலேயே வாடகை கொடுத்ததாகக் கணக்கு. அவர் எப்போது வங்கியில் போட்டார் என்பது கணக்கில்லை. மத்தியப் பிரதேசத்திலிருந்து போன தாமாதிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976-ல் இதைத் தெளிவாகச் சொன்னது. அதுவும் ஒரு வாடகை வழக்குதான். தபாலில் அனுப்பிய மாதங்களுக்கு 1954-ஆம் ஆண்டின் ஓகலே கண்ணாடி ஆலை வழக்கு துணைக்கு வரும். வாங்க வேண்டியவரே "தபாலில் அனுப்பு" என்று சொல்லியிருந்தால், காசோலையைத் தபாலில் சேர்த்ததே அவரிடம் சேர்த்ததற்குச் சமம். ஆகவே ஏப்ரல், மே, ஜூன் மாதங்களைப் பொறுத்தவரை, காசோலை போட்டதும் பணம் கிடைக்கும் என்ற நிலையில் நீங்கள் இருக்கும்வரை, "பாக்கி" என்று மகன் சொல்வது சரியில்லை. 5-ஆம் தேதி கொடுத்தீர்கள். 5-ஆம் தேதி கொடுத்ததுதான்.

காலாவதியான ஐந்தின் கதை வேறு. அந்தக் காகிதம் செத்துப்போனது, கடன் சாகவில்லை. அவர் போடாமல் விட்டதால் 70,000 ரூபாய் உங்களுக்கு மிச்சமாகிவிடாது. காசோலையை நியாயமான காலத்துக்குள் போடாத குற்றம் அவருடையதுதான். ஆனால் அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்திருந்தால்தான், உதாரணமாக அதற்குள் உங்கள் வங்கி திவாலாகிப் பணம் போயிருந்தால்தான், அந்த அளவுக்கு உங்கள் பொறுப்பு குறையும். உங்கள் பணம் எங்கும் போகவில்லை. வெள்ளியாகப் பட்டறையில் இருக்கிறது. வாடகை பாக்கி கேட்டு வழக்குப் போட அவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. எனவே அந்த எழுபதாயிரத்தை நீங்கள் திரும்பக் கொடுத்தே தீர வேண்டும்.

உங்கள் கணவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கட்டியாக வாங்கி, கொலுசாக்கிக் கடைக்குக் கொடுத்துப் பணம் கைக்கு வரும்வரை ஒரு பட்டறைக்காரர் எப்படித் தவிப்பார் என்பது செவ்வாய்ப்பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். கண்ணெதிரே கிடக்கும் பணத்தை எடுக்கத்தான் தோன்றும். ஆனால் வீட்டுக்காரர் போடாத காசோலையின் பணம், உங்கள் கணக்கில் கிடந்தாலும் உங்கள் பணம் இல்லை. அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். ஒரு வழி சொல்கிறேன்: வாடகைக்கு மட்டும் வேறொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அந்தப் புத்தகத்திலிருந்து மட்டுமே வாடகைக் காசோலை எழுதுங்கள். பட்டறைக் கணக்கும் வாடகைக் கணக்கும் கலந்ததுதான் உங்கள் வீட்டில் நடந்த தவறு.

இப்போது மகனின் மிரட்டல். போனில் சொன்னதால் யாரும் உங்களைக் காலி செய்ய வைக்க முடியாது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் வாடகை பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளில், வேண்டுமென்றே கட்டாமல் இருந்தாரா என்ற கேள்விதான் நடுவில் நிற்கும். குடியிருப்பவரின் நல்ல மனத்தை நிரூபிக்கவே வக்கீல்கள் நாங்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். புதிய சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டு மாத வாடகை பாக்கி, அதைக் கேட்டு முறையான நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுத் தொகையும் கட்டப்பட்டதா — இவ்வளவுதான். அந்த ஒரு மாதம் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட கதவு. வக்கீல் நோட்டீஸ் வந்தால், "நாங்கள்தான் காசோலை கொடுத்தோமே" என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். பதில் நோட்டீஸில் நடந்ததை எழுதுங்கள். அதே வாரத்தில் பணத்தையும் கட்டிவிடுங்கள். வீட்டுக்காரரின் தாமதத்துக்கு உங்களிடம் வட்டி கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனாலும் தொகை சிறியதாக இருந்தால், "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிவிட்டு அதையும் கட்டுவதே பத்திரம். சில நூறு ரூபாய் வட்டிக்காக வீட்டைப் பணயம் வைக்கக் கூடாது.

பெங்களூர்க் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வீடு தந்தையின் பெயரில் இருக்கிறது, ஒப்பந்தம் தந்தையோடுதான். மகனுக்கு அனுப்பிய பணம் வீட்டுக்காரருக்குக் கொடுத்ததாக ஆகாது. தந்தை "இனி என் மகன் கணக்கில் செலுத்துக" என்று தம் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால் தாராளமாகச் செலுத்துங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் செலுத்தினால் ஒரே வாடகையை இரண்டு முறை கொடுக்கும் நிலை வரலாம். அப்பாவுக்கும் மகனுக்கும் உள்ளே என்ன மனக்கசப்பு இருக்கிறதோ, அதற்கு நடுவில் உங்கள் வாடகை சிக்கிக்கொள்ள வேண்டாம்.

பழையதைப் போடும்வரை புதிதாகக் கொடுக்காமல் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. இன்றுவரை உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி கொடுத்தீர்கள் என்ற அந்த ஒழுங்குதான். ஜூலை 5 அன்றும் கொடுங்கள். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும்" என்றும் விட்டுவிடாதீர்கள். அது காலி செய்யும்போது தீர்க்கும் கணக்கு.

கொடுத்ததை நிரூபிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாடகை வழக்குகளில் உண்மை பேசுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பல ஆண்டுகளுக்கு முன் சேலம் குகைப் பகுதியில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்தார். வாடகைக் காசோலைகளை வீட்டுக்காரர் மேசை இழுப்பறையில் போட்டு வைத்துக்கொண்டு, கடைசியில் பாக்கி என்று வழக்குப் போட்டுவிட்டார். டீக்கடைக்காரர் அடிக்கட்டைகளை எல்லாம் கொண்டுவந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதில் எழுதியிருப்பது யார் கையெழுத்து?" டீக்கடைக்காரருடைய கையெழுத்துதான். தானே எழுதி, தானே வைத்திருக்கும் அடிக்கட்டை, வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டதற்குச் சாட்சி ஆகாது. என் வயிறு கலங்கிவிட்டது. அடுத்த வாய்தாவுக்கு அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். காசோலை கொடுத்த ஒவ்வொரு நாளும் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் காசோலை எண்ணை எழுதி, வீட்டுக்காரரிடம் சுருக்கக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஏழு தாள்கள். சிலவற்றில் டீக்கறை. முன்பக்கம் தேதி, கிழமை, ராகுகாலம் எல்லாம் அச்சில் இருக்கின்றன, பின்பக்கம் கையெழுத்து. அந்தத் தாள்களைப் பார்த்தபிறகு வீட்டுக்காரரால் மறுக்க முடியவில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

நீங்களும் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, காசோலை எண், எந்த மாத வாடகை, தொகை, பெற்றவர் கையெழுத்து — ஒரு மாதத்துக்கு ஒரு வரி போதும். வாங்கிய பணத்துக்குக் கையெழுத்திட்ட ரசீது தருவது வீட்டுக்காரரின் கடமை என்று புதிய சட்டமே சொல்கிறது. கேட்பதில் கூச்சம் வேண்டாம். தபாலில் அனுப்பினால் சாதாரணத் தபால் வேண்டாம். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. அதில் அனுப்பி ரசீதை நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். அனுப்பிய அன்றே ஐயாவின் வாட்ஸ்அப்புக்குக் காசோலையின் படத்தோடு ஒரு செய்தியும் போடுங்கள். காசோலையின் இடது மேல் மூலையில் இரண்டு கோடு போட்டு "அக்கவுண்ட் பேயி" என்று எழுதத் தவறாதீர்கள். வேறு யார் கையில் சிக்கினாலும் ஐயாவின் கணக்கைத் தவிர வேறெங்கும் பணம் போகாது.

வீட்டுக்காரர் வாடகையை வாங்கவே மறுத்தால்தான் அடுத்த வழி. மணியார்டரிலோ சட்டம் அனுமதிக்கும் வேறு முறையிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்ப வேண்டும். அப்போதும் வாங்காவிட்டால், வாடகை அதிகாரியிடம் வாடகையைச் செலுத்தலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை இந்தச் சட்டத்தின் கீழ் அதற்காக நியமித்திருக்கிறார்கள். முதல் படியைத் தாண்டி நேராக இங்கே போய்க் கட்டாதீர்கள். படிப்படியாகப் போகாமல் கட்டிய பணம் குடியிருப்பவரைக் காப்பாற்றாது என்று பழைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஆனால், உங்கள் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. வாங்கி வைத்துக்கொள்கிறார். அதனால் உங்களுக்கு இப்போது இந்த வழி தேவையில்லை.

அவர் ஏன் போடவில்லை என்று யோசித்தேன். நவம்பரில் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். அது முடிந்தால் மிளகு. தனியாக இருக்கும் முதியவர் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து வங்கி வரிசையில் நிற்பதைத் தள்ளிப்போட்டிருப்பார். அவர் மேல் கெட்ட எண்ணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எனவே நோட்டீஸ் அனுப்பித் தொடங்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் கணவரும் ஏற்காடு பஸ் ஏறி நேரில் போய்ப் பாருங்கள்.

போகும்போது இரண்டு பிரதியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போங்கள். இப்படி இருந்தால் போதும்: "நவம்பர் முதல் மார்ச் வரையான ஐந்து மாத வாடகைக்காக நான் கொடுத்த, கீழே எண் குறித்துள்ள ஐந்து காசோலைகள் வங்கியில் செலுத்தப்படாமல் காலாவதியாகிவிட்டன. அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதே வாடகைக்காக 70,000 ரூபாய்க்குப் புதிய காசோலை கொடுத்திருக்கிறேன். அது பணமானதும் இந்த ஐந்து மாத வாடகையில் பாக்கி ஏதும் இல்லை." அடியில் அவர் கையெழுத்து. எழுபதாயிரத்தையும் ஒரே தடவையில் புரட்ட முடியாவிட்டால், எந்தெந்த தேதியில் எவ்வளவு என்று அதே கடிதத்தில் எழுதி அவர் சம்மதத்தை வாங்குங்கள். பணம் கையில் இல்லாமல் புதிய காசோலை மட்டும் எழுதிவிடாதீர்கள். அது இன்னொரு 138-க்கு விதை. பழைய காசோலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்று அவர் சொன்னால் அதையும் கடிதத்தில் சேர்த்து, அந்த எண்களை நிறுத்தும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். காலாவதியானதை நிறுத்துவதில் உங்களுக்கு ஆபத்து இல்லை. "தேதியைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்று அவர் கேட்கலாம். வங்கி விதி அதற்கு இடம் கொடுக்கிறது என்றாலும் நான் ஒப்ப மாட்டேன். நவம்பரில் கொடுத்தீர்கள் என்பதற்கான அடையாளமே அந்தத் தேதிதான். அதை உங்கள் கையாலேயே அடிக்காதீர்கள்.

அவரிடம் இன்னொன்றும் பணிவாகச் சொல்லலாம். நவம்பர் முதல் மார்ச் வரையான வாடகை அவருடைய சென்ற நிதியாண்டு வருமானம். காசோலையைப் போடவில்லை என்பதால் வருமான வரிக் கணக்கில் அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போய்விடாது.

ஒப்பந்தம் பற்றிக் கடைசியாக எழுதுகிறேனே தவிர, அது சின்ன விஷயம் இல்லை. புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதினொரு மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டிக் காலி செய்யக் கேட்கும் மனுக்கள் வாடகை நீதிமன்றங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. நாளைக்கு மகன் ஒரு நல்ல வக்கீலிடம் போனால், வாடகை பாக்கியை விட்டுவிட்டு இதைத்தான் கையில் எடுப்பார். ஐயா நல்ல மனநிலையில் இருக்கும் இப்போதே புது ஒப்பந்தம் கேளுங்கள். அதில் வாடகையை நேராக அவர் வங்கிக் கணக்கில் செலுத்துவது என்று ஒரு வரி எழுதி, கணக்கு எண்ணையும் சேர்த்துவிட்டால் காசோலைப் பிரச்சினையே இனி எழாது.

ஏற்காடு போகும்போது அவர் வங்கியின் சலான் இரண்டு மூன்று கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஏப்ரல், மே, ஜூன் காசோலைகளை அவர் தேடி எடுத்துத் தந்தால், அங்கேயே அவர் கணக்கு எண்ணைச் சலானில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பெயருக்குள்ள காசோலையை அவர் கணக்கில் யார் வேண்டுமானாலும் செலுத்தலாம். அவர் இறங்கி வர வேண்டியதில்லை. திங்கட்கிழமை வங்கி திறந்ததும் நீங்களே போட்டுவிட்டு, முத்திரை விழுந்த சலானைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவையுங்கள்.